புது அல்பம் கேட்டுக் கதைக்க: கொழும்பில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு புது அல்பம் வெளிவந்த அன்று மாலைக்குள் நம்மவர்களிடம் தீர்ப்பு தயாராகிவிடும். ஒன்றில் "சுப்பர்", இல்லையென்றால் "சரியில்லை". எந்தப் பாட்டு, அந்தப் பாட்டில் எந்த இடம், அங்கே என்ன நடந்தது என்று திருப்பிக் கேட்டால் கதை அத்துடன் நின்றுவிடும். அந்த இடத்தில் நிற்காமல் கதையைத் தொடர விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ படிப்புக்கும் வேலைக்கும் கொழும்பு வந்து, பாட்டுக் கேட்கும் ஆசை இருந்தும் சேர்ந்து கதைக்க ஆள் இல்லாமல் இருப்பவர்களுக்கு இது கூடுதலாக உதவும்.

நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது ஒரு விஷயம்தான்: கருத்துச் சொல்லும்போது இடத்தைக் காட்டுங்கள். "மூன்றாவது பாட்டில், இரண்டாவது சரணத்துக்கு முன்னால், எல்லா வாத்தியமும் நின்று குரல் மட்டும் வருகிற இடம்" என்று சொன்னால், எதிரில் இருப்பவர் போய் அதைக் கேட்பார். கேட்டுவிட்டு உடன்படலாம், மறுக்கலாம். எப்படியிருந்தாலும் நீங்கள் இருவரும் இப்போது ஒரே விஷயத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள். மற்ற எல்லாப் படிகளும் இதற்குத் துணைதான்.

கொழும்பு இதற்கு ஏற்ற ஊர். 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது, கடலுக்கு அப்பால் இருந்த நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளுக்குப் புதுப் பாட்டு இந்த ஊர்க் கலையகத்திலிருந்துதான் போய்ச் சேர்ந்தது. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களை இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறவர்கள் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள். பாட்டைப் போடுவதோடு நிற்காமல் அதை அறிமுகப்படுத்தியும் பேசிய மரபு அது. அந்த மரபு இருந்த ஊரில் நாலு பேர் உட்கார்ந்து ஒரு அல்பத்தைப் பற்றிக் கதைப்பது புதிய பழக்கம் ஒன்றும் இல்லை.

முதலில் ஆட்கள்

நாலு பேர் போதும். ஆறுக்கு மேல் போனால் இரண்டு பேர் மட்டும் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒரே ரசனை உள்ளவர்களைத் தேடிச் சேர்க்க வேண்டாம். எல்லாரும் ஒரே இசையமைப்பாளரின் ரசிகர்களாக இருந்தால் முதல் பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். கர்நாடக இசை படித்த ஒருவர், ராப் கேட்கிற ஒரு தம்பி, தேவாலயப் பாடற்குழுவில் பாடுகிற ஒரு அக்கா, சினிமாப் பாட்டைத் தவிர வேறொன்றும் கேட்காத ஒருவர் என்று இருந்தால் நல்லது. கடைசியாகச் சொன்னவரைக் குறைவாக நினைக்காதீர்கள். நம் பாட்டுகளின் சரணம் வரை மனப்பாடமாக வைத்திருப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

இவர்களை எங்கே பிடிப்பது? வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் இருக்கிற கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்குப் போய்வாருங்கள். அங்கு நூலகம் இருக்கிறது, நிகழ்ச்சிகளும் நடக்கும். இராமகிருஷ்ண மண்டபத்திலோ பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலோ கச்சேரி முடிந்து வெளியே வரும்போது, வாசலில் நின்று "அந்த இரண்டாவது உருப்படியில மிருதங்கம் பார்த்தீங்களா" என்று கதைத்துக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களுடன் போய் நில்லுங்கள். வேலை இடத்தில் மதியச் சாப்பாட்டு மேசையும் உதவும். கொட்டாஞ்சேனைப் பக்கம் இருப்பவர்கள் வெள்ளவத்தை வரை வரத்தான் வேண்டும் என்றில்லை. அங்கேயே தமிழும் சிங்களமும் கலந்து பாட்டுக் கேட்கிற வீடுகள் நிறைய உண்டு.

எந்த அல்பம், எந்த நாள்

2015 ஜூலை 10 முதல் உலகின் பல நாடுகளிலும் புது அல்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளிவருகின்றன. பெரிய வெளியீடுகள் பலவும் அந்தந்த நாட்டு நேரப்படி நள்ளிரவு கழிந்ததும் கிடைக்கும். நமக்கும் இந்தியாவுக்கும் கடிகாரம் ஒன்றுதான், ஆகவே சென்னைக்குக் கிடைக்கும் அதே நேரத்தில் கொழும்புக்கும் கிடைக்கும். வெள்ளி இரவு கேட்டுவிட்டு ஞாயிறு கதைக்கலாம் என்று பலர் நினைப்பார்கள். நான் ஒரு கிழமை தள்ளிப் போடச் சொல்வேன், அடுத்த வெள்ளிக்குப் பிறகு வரும் ஞாயிறு. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

சினிமா அல்பத்துக்கு வேறு கணக்கு. முன்பெல்லாம் கசெட் வெளிவந்தால் ஆறு பாட்டும் ஒன்றாக வரும். இப்போது ஒரு பாட்டு இன்று, இன்னொன்று சில கிழமை கழித்து, மிச்சம் படத்துக்குச் சற்று முன்னால். முழு அல்பம் கைக்கு வரும்போது முதல் பாட்டை பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் எஃப்எம்மிலும் கேட்டு அது நமக்குப் பழகிப்போயிருக்கும். பழகிய ஒன்றை மனிதர்கள் கூடுதலாக விரும்புவார்கள் என்று உளவியலாளர் ரொபர்ட் ஸாயொன்ஸ் 1968இலேயே பரிசோதனைகளால் காட்டினார். ஆகவே "முதல் பாட்டுத்தான் அல்பத்தில் பெஸ்ட்" என்று தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள். அது பாட்டின் பலமாகவும் இருக்கலாம், அதிகமாகக் கேட்டதன் விளைவாகவும் இருக்கலாம். பின்னால் வந்த பாட்டுகளுக்கும் அதே அளவு காது கொடுத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, சினிமாப் பாட்டு ஒரு காட்சிக்காகச் செய்யப்பட்டது. தனியாகக் கேட்கும்போது வெறுமையாகத் தெரிந்த ஒன்று சவோய் தியேட்டரில் படம் பார்க்கும்போது சரியாக இருக்கும். இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. படத்துக்கு முன் ஒரு தடவை கதையுங்கள், பார்த்த பிறகு ஒரு தடவை கதையுங்கள். முன்னால் சொன்னதை மாற்றிக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை.

முதல் அல்பத்துக்கு என் ஆலோசனை: நாற்பது நிமிடத்துக்குள் முடிகிற, படத்துடன் சம்பந்தப்படாத ஒன்று. தமிழிலேயே இப்போது தனி இசை அல்பங்கள் வருகின்றன, தேடினால் கிடைக்கும். படம் இல்லாதபோது நடிகரின் முகமும் கதையும் குறுக்கே வராது, இசையைப் பற்றி மட்டுமே பேச வேண்டி வரும்.

எதில் கேட்கிறீர்கள்

இந்தப் படியை எல்லாரும் தாண்டிப் போவார்கள். தயவு செய்து தாண்டாதீர்கள். பாதிச் சண்டை இங்கேதான் உருவாகிறது.

பேஸ் கிற்றாரின் கடைசித் தந்தி நொடிக்கு 41 தடவைதான் அதிரும். அவ்வளவு தாழ்ந்த சுரத்தைக் கைபேசியின் சின்ன ஸ்பீக்கரால் கொடுக்கவே முடியாது. மிருதங்கத்தில் கூர்மையாக ஒலிக்கும் வலந்தலைப் பக்கம் கேட்கும், மற்றத் தொப்பிப் பக்கத்தின் ஆழ்ந்த கும்காரம் காணாமல் போய்விடும். போனை மேசையில் வைத்துக் கேட்ட ஒருவர் "பாட்டு வெறுமையாய் இருக்கு" என்பார், ஹெட்போனில் கேட்டவர் "என்ன ஒரு பேஸ்!" என்பார். இரண்டு பேரும் தாங்கள் கேட்டதைத்தான் சொல்கிறார்கள். அதனால் குழுவில் யாராவது கருத்துச் சொல்லும்போது எதில் கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லும் பழக்கத்தை முதல் நாளே கொண்டுவாருங்கள்.

விலை கூடிய கருவி தேவையில்லை. காதை நன்றாக மூடுகிற, வயர் உள்ள சாதாரண ஹெட்போன் போதும். காலி வீதி பஸ்ஸில் முதல் தடவை கேட்க வேண்டாம். இஞ்சின் சத்தமும் தாழ்ந்த சுரங்களும் ஒரே இடத்தில் மோதும், பேஸ் முழுதும் இஞ்சினுக்குள் போய்விடும். மரைன் டிரைவில் நடந்துகொண்டு கேட்பது மனதுக்கு இதம்தான், ஆனால் காற்றும் கரையோர ரயிலும் பாட்டின் மெல்லிய இடங்களை விழுங்கும். அதை மூன்றாவது நான்காவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் செயலியில் நாலு விஷயம் பார்க்க வேண்டும். ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்த பிறகு நம்மில் பலர் அதில்தான் கேட்கிறோம். வேறு செயலி என்றாலும் அமைப்புகள் ஏறத்தாழ இவைதான். பாட்டுகளைக் கலைத்துப் போடும் பொத்தானை நிறுத்துங்கள். அல்பம் முடிந்ததும் தானாக வேறு பாட்டு தொடங்குவதையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் கடைசிப் பாட்டு முடிந்த பின் வரவேண்டிய அமைதி உங்களுக்குக் கிடைக்காது. ஒலித்தரத்தை உங்களுக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த நிலையில் வையுங்கள். டேட்டா போய்விடும் என்று பயந்தால் வைஃபை இருக்கும் இடத்தில் இறக்கி வைத்துக் கேளுங்கள். நான்காவது, சத்தத்தின் அளவைச் சமப்படுத்தும் அமைப்பு. ஒரே பாட்டை இரண்டு அளவில் போட்டால் சத்தம் சற்றுக் கூடியது நல்லதாகத் தோன்றும். நம் காதின் இயல்பு அப்படி. இரண்டு அல்பத்தை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் அந்தச் சமப்படுத்தல் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

கேட்கும் வரிசை

முதல் தடவை, தொடக்கத்திலிருந்து முடிவு வரை நிறுத்தாமல். எழுத வேண்டாம், வரிகள் ஓடும் வீடியோ பார்க்க வேண்டாம், இடையில் யாருக்கும் செய்தி அனுப்ப வேண்டாம். பாட்டுகளின் வரிசையை யாரோ ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார். எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம் பிடித்த காலத்தில், பக்கத்தைத் திருப்பினதும் வருகிற முதல் பாட்டுக்கு ஒரு தனி இடம் இருந்தது. கசெட்டின் பி பக்கத்துக்கும் அப்படித்தான். இப்போது திருப்பப் பக்கம் இல்லை. ஆனால் நல்ல அல்பம் செய்கிறவர்கள் எங்கே வேகத்தைக் குறைப்பது, எங்கே மூச்சு விடுவது என்று இன்றும் பார்க்கிறார்கள். அதை முதல் தடவையில் மட்டும்தான் புதிதாக உணரலாம்.

இரண்டாவது தடவை அடுத்த நாள். கையில் ஒரு கொப்பி. பாட்டு இலக்கம், நிமிடம், அங்கே நடந்தது, இவ்வளவு மட்டும். நல்லது, கெட்டது என்று எழுத வேண்டாம். உதாரணத்துக்கு, "4ஆம் பாட்டு, 1.52: தவில் நுழைகிறது, அதுவரை ட்ரம்ஸ் மட்டும். குரல் ஒரு சுரம் மேலே போகிறது." இப்படிப் பத்துக் குறிப்பு இருந்தால் போதும். எழுதத் தொடங்கியதும் ஒன்று விளங்கும்: பிடித்த இடத்துக்கும் கவனித்த இடத்துக்கும் வித்தியாசம் உண்டு. கவனித்த இடங்கள்தான் கதைக்க உதவும்.

மூன்றாவது தடவை சொற்களுக்கு. அப்போது வரிகளைப் பாருங்கள். கூடவே பங்களித்தவர்களின் பெயர்களையும் வாசியுங்கள்: யார் எழுதினார், யார் வயலின் வாசித்தார், யார் மிக்ஸிங் செய்தார், அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்தார். ஏ. ஆர். ரஹ்மான் தன் அல்ப உறைகளில் வாத்தியக்காரர்கள், ஒலிப்பதிவாளர்களின் பெயர்களை அச்சிட்டுப் பலரின் கண்ணைத் திறந்தார். பாட்டு நன்றாக இருந்தால் மாலை முழுவதையும் இசையமைப்பாளர் கழுத்தில் போடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. புல்லாங்குழல்தான் உங்களைப் பிடித்திழுத்தது என்றால் வாசித்தவரின் பெயரைத் தேடிப் பிடித்துச் சொல்லுங்கள். அந்த ஒரு பெயரிலிருந்து இன்னும் மூன்று அல்பங்களுக்கு வழி கிடைக்கும்.

மூன்று தடவைக்கும் இடையில் நாள் விட வேண்டும். ஒரு கிழமை கேட்டதற்கு இதுதான் காரணம்.

எதைக் கவனிப்பது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது, நான் என்ன சொல்றது?" தெரிய வேண்டியதில்லை. கை தட்டத் தெரிந்தால் போதும்.

தாளத்திலிருந்து தொடங்குங்கள். பாட்டோடு சேர்ந்து கையைத் தட்டி, தட்டு நாலு நாலாக விழுகிறதா, மூன்று மூன்றாக விழுகிறதா என்று பாருங்கள். நம் ஊரில் இது சுவையான விளையாட்டு, ஏனென்றால் பைலா ஆறு எண்ணிக்கையில், மூன்றும் மூன்றுமாகத் துள்ளும். கர்நாடக இசை படித்தவர் பக்கத்தில் இருந்தால் திஸ்ர நடையை நினைவுபடுத்துவார், சிங்கள நண்பர் இருந்தால் இடுப்பை ஆட்டத் தொடங்கிவிடுவார். எழுபதுகளில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் அந்தத் துள்ளலில் தமிழ்ச் சொற்களைப் போட்டுப் பாடியதுதான் நம்முடைய பொப்பிசை. அந்தத் துள்ளல் காதில் ஊறியவர்களுக்கு, புது அல்பம் ஒன்றில் அது வரும்போது சட்டென்று பிடிபடும். அப்படிப் பிடிபட்டால் அதைச் சொல்லுங்கள். சென்னையிலிருந்து கேட்கிறவர் அதைக் கவனிக்காமல் போகலாம்.

அடுத்தது இடையிசை. பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்கு இடையில் வருகிற பகுதி. பலர் இந்த நேரத்தில்தான் பக்கத்தில் இருப்பவருடன் கதைப்பார்கள். 1976இல் முதல் படம் செய்த இளையராஜா, பிறகு வந்த ஆண்டுகளில் அந்தச் சில நொடிகளுக்குள் எவ்வளவு செய்ய முடியும் என்று காட்டினார். ஒரு வயலின் கூட்டம் எழுந்து, புல்லாங்குழல் பதில் சொல்லி, கீழே பேஸ் தனக்கென்று ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போகும். புது அல்பத்தைக் கேட்கும்போது இடையிசை இருக்கிறதா, இருந்தால் அது பாட்டை எங்காவது நகர்த்துகிறதா, இல்லை பல்லவியையே கீபோர்டில் திருப்பி வாசிக்கிறதா என்று பாருங்கள். இப்போதைய பாட்டுகள் பலவற்றில் நீண்ட இடையிசை கிடையாது. அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. அதற்குப் பதிலாக என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதுதான் நியாயம். சில பாட்டில் தாளத்தின் நெசவே அந்த வேலையைச் செய்யும், சில பாட்டில் ஒன்றுமே செய்யாது.

குரலில், மூச்சு எங்கே எடுக்கிறார் என்று கவனியுங்கள். சொல்லை உடைத்து மூச்செடுத்தால் பொருளும் உடையும். உச்சரிப்பைப் பற்றி நம் ஆட்கள் அளவுக்கு மீறிக் கோபப்படுவார்கள். ழகரம் தவறினால் அல்பத்தையே தூக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். கவனிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் அது நூறில் ஒன்று.

மிக்ஸிங் பற்றி ஒரே ஒரு கேள்வி போதும்: சொற்கள் விளங்குகின்றனவா, இல்லை வாத்தியங்களுக்குள் மூழ்கிவிடுகின்றனவா?

கூடும் நாள்

ஞாயிறு பின்னேரமோ போயா நாளோ வசதி. போயாவன்று வேலையும் பள்ளிக்கூடமும் இல்லை, வீதியும் சற்று அமைதியாக இருக்கும். தொடர்மாடி வீடு என்றால் பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கி ஆறுக்குள் முடியுங்கள். இரவில் பேஸ் சுவரைத் தாண்டிப் போகும், பக்கத்து வீட்டுக்காரருடன் உறவு கெட்டால் அடுத்த மாதம் இடம் இல்லை. பிளேன்டீ, கொஞ்சம் ரோல்ஸ், கட்லட் இருந்தால் சரி. சாப்பாடு பாட்டு முடிந்த பிறகுதான். காகிதப் பையின் சரசரப்பு மெல்லிய தொடக்கங்களைக் கெடுக்கும்.

முதலில் அல்பத்தை ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். யாரும் கதைக்க வேண்டாம். முடிந்ததும் உடனே பேசத் தொடங்காமல் தேநீர் ஊற்றுங்கள்.

பிறகு முதல் சுற்று. இந்தச் சுற்றில் தீர்ப்பு கிடையாது. ஒவ்வொருவரும் தாங்கள் குறித்த ஒரு இடத்தை மட்டும் சொல்ல வேண்டும், சொன்னதும் அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்க வேண்டும். வயதில் குறைந்தவரோ புதிதாக வந்தவரோ முதலில் பேச வேண்டும். அல்பத்தைத் தெரிவு செய்தவர் கடைசியில். இந்த ஒழுங்கு முக்கியம், ஏனென்றால் நம்மிடையே மூத்தவர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால் இளையவர்கள் மரியாதைக்காக அதையே வேறு சொற்களில் சொல்வார்கள். மூத்தவர் கடைசியில் பேசினால் அவருக்கும் மரியாதை, இளையவருக்கும் வழி.

இரண்டாவது சுற்றில் பிடித்தது பிடிக்காதது எல்லாம் சொல்லலாம். இங்கேதான் சூடு பிடிக்கும். ஒரு அங்கிள் "எங்கட காலத்தில பாட்டென்றால் பாட்டு" என்று தொடங்குவார். அவரை மறுக்க வேண்டாம். "அங்கிள், அந்தக் காலத்துப் பாட்டில எந்த விஷயம் இதில இல்லை என்று சொல்றீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரிடம் நல்ல பதில் இருக்கும்: நேரடியாக வாசித்த வயலின் கூட்டம், ஒரே வரியைப் பாடகர் விதவிதமாக மாற்றிப் பாடும் சங்கதி, வரியில் இருந்த எதுகை. அந்தப் பதிலுக்குப் பிறகு அந்தக் காலப் பாட்டில் ஒன்றைப் போட்டு ஒப்பிடுங்கள். பழைய நினைவு, கேட்கக்கூடிய ஒரு விஷயமாக மாறிவிடும்.

ரசிகர் சண்டை இன்னொரு வகை. ராஜாவா ரஹ்மானா, ரஹ்மானா அனிருத்தா என்று போனால் அன்றைய பின்னேரம் போய்விடும். நான் பார்த்த அளவில் இதை நிறுத்த நல்ல வழி, பேச்சை அன்றைய அல்பத்தின் ஒரு நிமிடத்துக்கு இழுத்து வருவது. "சரி, 5ஆம் பாட்டு கடைசி நிமிடத்தைப் போடுங்கோ, அதில என்ன பிழை?" என்று கேட்டால் கேள்வி சின்னதாகும். சின்னக் கேள்விக்குப் பதில் உண்டு.

"இது சுட்டது" என்ற குற்றச்சாட்டும் வரும். எச்சரிக்கையாக இருங்கள். மோகன ராகத்தில் ஐந்து சுரங்கள்தான், அதில் இரண்டு பாட்டு ஒன்றுபோலக் கேட்பதில் வியப்பில்லை. ஒரே ராகம், ஒரே தாளக்கட்டு, ஒரே வகை வாத்தியம் என்பதெல்லாம் களவாகாது. ஒரு நீண்ட மெட்டு அதே சுர வரிசையில், அதே கால அளவில் வருகிறதா என்று இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். வந்தால், பெயர்ப் பட்டியலில் பழைய பாட்டின் உரிமையாளருக்கு இடம் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அனுமதி பெற்று எடுத்தாள்வது நெடுநாளாக நடப்பதுதான். இரண்டையும் பார்க்காமல் ஒரு கலைஞரைக் கள்ளன் என்று சொல்வது பாரதூரமான விஷயம்.

மூன்று மொழி ஊரில்

கொழும்பில் இருந்துகொண்டு தமிழ் அல்பங்கள் மட்டும் கேட்பது பக்கத்து அறையைத் திறக்காமல் ஒரு வீட்டில் குடியிருப்பது போல. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒரு சிங்கள அல்பத்தை எடுங்கள், சிங்கள நண்பர் ஒருவரையும் கூப்பிடுங்கள். முதல் சுற்றில் நீங்கள் சொற்கள் விளங்காமல் கேட்டதைச் சொல்லுங்கள், பிறகு அவர் வரிகளை விளக்கட்டும். சொல் தெரியாமல் கேட்கிறவரின் காது குரலின் நிறத்தையும் தாளத்தையும் கூடுதலாகப் பிடிக்கும். அது அவருக்கும் புதிதாக இருக்கும். சிங்களத் திரை இசையில் ஆர். முத்துசாமி, எம். கே. ரொக்சாமி என்று தமிழ்ப் பின்னணி உள்ள இசையமைப்பாளர்கள் பெரிய இடத்தில் இருந்தார்கள். சேலத்தில் பிறந்த மொஹிதீன் பெய்க்கின் குரலை சிங்கள வீடுகள் இன்றும் கொண்டாடுகின்றன. இதைச் சொன்னால் இரண்டு பக்கத்திலும் கதை நீளும்.

நம்மூர்க் கலைஞரின் அல்பம்

இதற்குத்தான் நான் அதிகம் அக்கறைப்படுகிறேன். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் இளையவர்கள் சொந்தமாகப் பாட்டு எழுதி, படுக்கை அறையில் ஒலிப்பதிவு செய்து வெளியிடுகிறார்கள். அவர்களுக்கு நம்மிடமிருந்து கிடைப்பது பெரும்பாலும் இரண்டுதான்: "வாழ்த்துக்கள் தம்பி", அல்லது மௌனம். இரண்டாலும் அடுத்த பாட்டு நன்றாகாது.

தென்னிந்தியாவின் பெரிய ஸ்டூடியோவில் செய்த அல்பத்தைக் கேட்ட அதே காதால் இவற்றையும் கேளுங்கள். நம்மவர் என்பதால் அளவைக் குறைக்க வேண்டாம், வசதி குறைவு என்பதைக் குற்றமாக்கவும் வேண்டாம். ட்ரம்ஸ் ஒலி மெலிந்திருந்தால் அது காசின் குறை. நாலு பாட்டும் ஒரே வேகத்தில் போனால் அது யோசனையின் குறை. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் கேட்பவருக்கு உதவும். மலையகத்துப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் பாட்டில் வரும்போது, அது இயல்பாக விழுகிறதா, சென்னைத் தமிழைப் போல உச்சரிக்கப் பார்க்கிறாரா என்பதையும் கவனியுங்கள். இதைச் சொல்ல நம்மைவிடத் தகுதியானவர்கள் யார்?

இந்த ஊர் சின்னது. பாடினவரை அடுத்த கிழமை வெள்ளவத்தைச் சந்தையில் காண்பீர்கள். "எப்படி அக்கா, கேட்டீங்களா?" என்று கேட்பார். வேலை செய்த ஒரு இடம், வேலை செய்யாத ஒரு இடம், இரண்டையும் நிமிடத்தோடு சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்பதைக்கூட இப்படிச் சொன்னால் ஆட்கள் ஏற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் நீங்கள் முழுதாகக் கேட்டிருக்கிறீர்கள் என்பது அவர்களுக்கு விளங்கும்.

பாட்டை நண்பர்களுக்குக் கொடுக்கும்போது கோப்பாக அனுப்பாமல் இணைப்பை அனுப்புங்கள். பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகளான ரெக்கோடிங் பார் இருந்த காலத்தில் கசெட்டில் பதிந்து கொடுத்தால் பாட்டுப் பரவியது, பாடினவருக்கு ஒன்றும் போகவில்லை. இன்று ஒரு தடவை கேட்டால் போய்ச் சேர்வது மிகச் சிறிய தொகைதான், ஆனாலும் எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணிக்கை அவர்களுக்கு அடுத்த மேடையைப் பேரம்பேச உதவும். மேடை நிகழ்ச்சி என்றால் டிக்கெட் வாங்கிப் போங்கள், இலவசப் பாஸ் கேட்காதீர்கள்.

ஒரு மாதம் கழித்து

கொப்பியைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு மாதம் கழித்து அதே அல்பத்தை ஒரு தடவை கேட்டு, பழைய குறிப்புகளுக்குப் பக்கத்தில் வேறு நிற மையில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கலாம்: யாருக்கு எந்தப் பாட்டு நிலைத்தது, யாருக்கு எது அலுத்தது, யார் மனம் மாறினார். மனம் மாறியவர் எந்த இடத்தால் மாறினார் என்று கட்டாயம் கேளுங்கள், அந்த இடத்தையும் போட்டுக் கேளுங்கள்.

அடுத்த அல்பத்தைத் தெரிவு செய்யும் உரிமை இந்தத் தடவை முதலில் பேசியவருக்கு. அவர் எதைத் தெரிவு செய்தாலும் மற்றவர்கள் மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.